நீரும் கிண்ணமும்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

தெருக்குழாயில் நீர் பிடிக்கும் எங்கள் திருமுக்கூடல் பெண்கள் குடத்துக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. நீர் ஏற ஏற ஓசை உயரும். அதைக் கேட்டே குழாயை மூடிவிடுவர். அப்படியானால், பீங்கான் கிண்ணத்தில் நீரூற்றிக் குச்சியால் தட்டினாலும் சுருதி உயரத்தானே வேண்டும்? உயராது, தாழும். ஜலதரங்கம் என்னும் இசைக்கருவி இதை வைத்தே அமைந்தது.

குடத்தில் ஒலிப்பது காற்று. நீர் ஏறினால் காற்றுத்தம்பம் குறுகும், அதிர்வெண் கூடும். கிண்ணத்தில் ஒலிப்பதோ அதன் சுவர். தட்டியவுடன் வட்ட விளிம்பு நீள்வட்டமாகி, மறு திசையில் மீண்டும் நீள்வட்டமாகி அதிர்கிறது. ஒட்டியுள்ள நீரையும் அது சேர்த்துத் தள்ள வேண்டும். பளு கூடுவதால் அதிர்வெண் குறைகிறது. அடிப்பாகம் அதிகம் அசைவதில்லை. ஆகவே அங்கே நீர் இருந்தும் பெரிய மாற்றமில்லை. விளிம்பை நெருங்கும்போதோ ஒரு கரண்டி நீரே சுரத்தைக் கெடுத்துவிடும்.

இனி அளவு. விட்டம், உயரம், தடிப்பு மூன்றும் இருமடங்கானால் அதிர்வெண் பாதியாகும். அதாவது ஒரு ஸ்தாயி கீழே. விட்டம் ஒன்றாயிருந்தால் தடித்த கிண்ணமே உயர்ந்து ஒலிக்கும். கடையில் வெறுங்கிண்ணத்தைத் தட்டிப் பார்த்து, வேண்டிய சுரத்தைவிடச் சற்று உயர்ந்து ஒலிப்பதையே எடுக்க வேண்டும். நீரால் சுருதியை இறக்கலாம், ஏற்ற முடியாது! கரகரத்தால் கீறல் உண்டென்று கொள்க.

திபெத்தியக் கிண்ணம் என்று விற்கப்படும் வெண்கலக் கிண்ணத்தை வழக்கமாக நீரின்றியே ஒலிக்கச் செய்வதால், வாங்கும்போது அமைந்த சுருதியே அதன் சுருதி. தட்டுவதோடு, கோலால் விளிம்பைத் தேய்த்துச் சுற்றியும் ஒலிக்கச் செய்வர். வயலின் வில்லைப் போலக் கோல் பிடித்தும் வழுக்கியும் செல்ல, நாதம் எழுகிறது. பெரிய கிண்ணத்துக்குக் கனத்த கோலும் நிதானமும் தேவை. இத்தகைய கிண்ணத்தில் நீர் ஊற்றித் தேய்த்தால் நீர்த்துளிகள் துள்ளுவதை டெர்வான், புஷ் என்னும் இருவர் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டனர்.

கமகமே உயிரான நம் சங்கீதத்துக்கு ஜலதரங்கம் ஒவ்வாது என்பாருண்டு. நான் உடன்படவில்லை. குச்சி முனையால் நீரைத் தொட்டு நாதத்தை அசைக்கும் வழி இருக்கிறது. சீதா துரைசாமி (1926–2013) இக்கருவியில் தனிக்கச்சேரியே செய்தவர். இன்று வாசிப்போர் மிகச் சிலர். வீணை வாங்க இயலாத வீட்டிலும் கிண்ணம் உண்டல்லவா?

நண்பர்கள் ஆய்வகத்தில் செய்து பார்க்கலாம். 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைவிடச் சற்று உயர்ந்து ஒலிக்கும் கிண்ணத்தை எடுத்து, இரண்டையும் ஒலிக்கவிட்டு, நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். முதலில் விரைவாகக் கேட்கும் விம்மல் வரவர மெதுவாகும். அது நின்ற இடத்தில் சுருதி சேர்ந்துவிட்டது. மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். நீர் ஆவியானால் சுருதி மெல்ல ஏறிவிடும்.