குழூஉக்குறியும் கலைச்சொல்லும்: விமானப் போக்குவரத்துச் சொற்களைத் தமிழில் வழங்கும் நெறி

ஆய்வுச் சுருக்கம்

விமானிகள், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள், விமான ஆர்வலர்கள் ஆகியோர் வழங்கும் சொற்களும் குறுக்கங்களும் தமிழில் ஒரே வகையினவாகக் கருதப்பட்டு மொழிபெயர்க்கவோ ஒலிபெயர்க்கவோ படுகின்றன. இவை செயற்பாட்டால் மூவகைப்படும் என்பதையும், ஒவ்வொரு வகைக்கும் தனித்த ஆக்கநெறி தேவை என்பதையும் குழூஉக்குறி என்னும் இலக்கணக் கருத்தின் துணைகொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: குழூஉக்குறி, குறுக்கம், கலைச்சொல்லாக்கம், ஒலிபெயர்ப்பு, வானொலி நடைமுறைச் சொற்கள்.

முன்னுரை

ஒரு துறையின் சொற்களைத் தமிழில் ஆக்க முற்படுவோர், ஆங்கிலச் சொல்லின் பொருளை அறிந்து அதற்கு நிகரான தமிழ்ச்சொல்லைத் தேடுவதே வழக்கம். பொறியியல், மருத்துவம் முதலிய துறைகளில் இந்நெறி பெரிதும் பயன் தந்துள்ளது. விமானப் போக்குவரத்துத் துறையில் அது ஓர் எல்லைவரையே செல்லும். இத்துறையின் சொற்களுள் ஒரு பகுதி, பொருளுக்காக மட்டுமன்றி ஒலிக்காகவும் தேர்ந்தெடுக்கப்பட்டது. மற்றொரு பகுதிக்கு விரிவே இல்லை. இவ்வேறுபாட்டை நோக்காத மொழிபெயர்ப்பு, சொல்லைத் தந்து அதன் பயனை இழந்துவிடுகிறது.

குழூஉக்குறி என்னும் கருத்து

நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறது. ஒரு குழுவினர் ஏதேனும் ஒரு காரணம் பற்றிப் பொருளுக்குரிய பொதுச்சொல்லை விடுத்து வேறொரு சொல்லால் அதனைக் குறிப்பது குழூஉக்குறியாகும். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் இதற்கு வழக்கமாகக் காட்டப்பெறும் சான்றுகள். குழுவுக்குப் புறம்பானவர் அறியாதவாறு பேசுதல் இத்தகைய வழக்குகளின் பயன்களுள் ஒன்று எனக் கொள்ளலாம்.

விமானிகளின் சொற்களும் குழூஉக்குறியே எனினும் அவற்றின் நோக்கம் இதற்கு நேர்மாறானது. ஒருவரையொருவர் கண்டிராத, வெவ்வேறு தாய்மொழி பேசும் இருவர், இரைச்சல் மிக்க வானொலி வழியே ஒரே பொருளை ஐயமின்றி உணர வேண்டும் என்பதே அச்சொற்களின் பயன். விமான ஆர்வலர்களின் வழக்கோ பழைய குழூஉக்குறிக்கு நெருக்கமானது. மென்மையான தரையிறக்கத்தைக் ‘கிரீசர்’ என்று குறிப்பவர், தாமும் அக்குழுவினர் என்பதை அச்சொல்லால் உணர்த்துகிறார். இவ்விரு வழக்கையும் பிரித்தறிவது சொல்லாக்கத்தின் முதற்படியாகும்.

ஒலியால் தேர்ந்த சொற்கள்

பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் எழுத்துச்சொல் வரிசை 1956இல் நடைமுறைக்கு வந்தது. ‘ஆல்ஃபா’ முதல் ‘ஜூலு’ வரையிலான அதன் 26 சொற்களும் ஒன்றோடொன்று மயங்காதவாறு தேர்ந்தெடுக்கப்பட்டவை. எண்களிலும் இந்நெறி உண்டு. மூன்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலொலி பல மொழிகளில் இல்லாமையால் அது ‘ட்ரீ’ என ஒலிக்கப்படுகிறது. ஐந்தும் ஒன்பதும் மயங்காதிருக்க அவை முறையே ‘ஃபைஃப்’, ‘நைனர்’ எனப்படுகின்றன. ‘ஆம்’ என்பதற்கு ‘அஃபர்மேடிவ்’ என்னாது ‘அஃபர்ம்’ என்பதும் இக்காரணம் பற்றியே. முதற்பகுதி வானொலியில் கேளாது போயின், ‘அஃபர்மேடிவ்’ என்பதும் ‘நெகடிவ்’ என்பதும் ஈற்றொலியால் மயங்கும்.

‘ரோஜர்’ என்பது முந்தைய எழுத்துச்சொல் வரிசையில் ஆர் என்னும் எழுத்துக்கு உரியதாக இருந்தது. ‘பெறப்பட்டது’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து அது. இன்று அவ்வெழுத்துக்குரிய சொல் ‘ரோமியோ’ என மாறியபின்னும் ‘ரோஜர்’ நிலைத்துவிட்டது. அதன் பொருள் ‘தங்கள் செய்தி முழுவதையும் கேட்டேன்’ என்பது மட்டுமே. உடன்பாடோ இசைவோ அன்று. ‘வில்கோ’ என்பதோ ‘கேட்டேன், அவ்வாறே செய்வேன்’ எனப் பொருள்படும். தமிழில் ‘ரோஜர்’, ‘வில்கோ’, ‘அஃபர்ம்’ ஆகிய மூன்றையும் ‘சரி’ என்னும் ஒரே சொல்லால் பெயர்க்க இயலும். அவ்வாறு பெயர்த்தால் மூன்றற்கும் இடையேயான வேறுபாடு அழிந்துவிடும்.

இவ்வேறுபாடு எத்துணை இன்றியமையாதது என்பதை 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவில் நேர்ந்த விபத்து காட்டுகிறது. ஓடுபாதையில் இரு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் உயிரிழந்தனர். கே.எல்.எம். விமானத்துக்கு அளிக்கப்பட்டிருந்தது பறப்புவழிக்கான இசைவு மட்டுமே. எனினும் அவ்விசைவின் வாசகத்தில் ‘டேக்-ஆஃப்’ என்னும் சொல் இடம்பெற்றிருந்தது. துணைவிமானி தம் மறுமொழியில் தாம் ‘டேக்-ஆஃப்’ நிலையில் இருப்பதாகக் கூற, கட்டுப்பாட்டாளர் ‘ஓகே’ என்று தொடங்கி, காத்திருக்குமாறு கூறினார். அதே நொடியில் பான் ஆம் விமானமும் பேசியமையால் அலைகள் குறுக்கிட்டு, ‘ஓகே’ என்பதற்குப் பின் வந்தவை தெளிவாகக் கேட்கவில்லை. இவ்விபத்துக்குப்பின் ‘டேக்-ஆஃப்’ என்னும் சொல் ஓடுபாதையிலிருந்து மேலெழ இசைவு வழங்கும்போதும் அவ்விசைவை நீக்கும்போதும் மட்டுமே ஆளப்பட வேண்டும் என்றும், பிறவிடங்களில் ‘டிபார்ச்சர்’ என்றே கூற வேண்டும் என்றும் நெறி வகுக்கப்பட்டது. தமிழில் இவ்விரண்டும் ‘புறப்பாடு’ என்றே வழங்குகின்றன என்பது நோக்கத்தக்கது.

விரிவற்ற குறுக்கங்கள்

குறுக்கம் எனின் அதற்கு விரிவு இருக்கும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ‘கியூ’ வரிசைக் குறியீடுகள் இதற்கு விலக்கானவை. தந்திக் காலத்தில் உருவான அவ்வரிசையில் எழுத்துகள் சொற்களின் முதலெழுத்துகள் அல்ல. கியூ.என்.எச். என்பது உயரமானி கடல்மட்டத்திலிருந்தான உயரத்தைக் காட்டுதற்குரிய அழுத்த அமைவு, கியூ.எஃப்.இ. என்பது விமான நிலையத் தரையிலிருந்தான உயரத்தைக் காட்டுதற்குரியது. இவற்றுக்கு ஆங்கிலச் சொற்களைப் பொருத்தி விரிவு கூறுவது நினைவில் கொள்வதற்காகப் பின்னர் எழுந்த வழக்கேயாகும்.

இந்திய விமானங்களின் பதிவுக்குறியான வி.டி. என்பதற்கும் இத்தகைய நாட்டார் சொற்பிறப்பு ஒன்று உண்டு. அது ‘வைஸ்ராயின் ஆட்சிப்பகுதி’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் குறுக்கம் என்று பலர் கருதுகின்றனர். வானொலி அழைப்புக்குறிகளுள் வி.டி.ஏ. தொடங்கி வி.டபிள்யூ.இசட். வரையிலான தொடர் முழுவதும் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டது. இந்தியாவின் பயில்முறை வானொலியாளர்களின் குறி வி.யு. எனத் தொடங்குவதும் இத்தொடரைச் சார்ந்ததே. ஆகவே வி.டி. என்பது ஒதுக்கீட்டு வரிசையின் ஓர் உறுப்பே தவிர, சொற்றொடரின் குறுக்கம் அன்று.

வேறு சில குறுக்கங்களுக்கு விரிவு உண்டு. ஆனால் அது ஆங்கிலத்தில் இல்லை. வானிலை அறிக்கைகளில் புகையைக் குறிக்கும் எஃப்.யு., மென்மூடுபனியைக் குறிக்கும் பி.ஆர்., ஆலங்கட்டி மழையைக் குறிக்கும் ஜி.ஆர். ஆகியன பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்தவை. ‘மேடே’ என்னும் இடர் அழைப்பும் ‘எனக்கு உதவுங்கள்’ எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியை ஒட்டியதே. விமான நிலையக் குறியீடுகளோ பழைய பெயர்களைப் பேணுகின்றன. நகரின் பெயர் 1996இல் சென்னை என மாறியபின்னும் அதன் விமான நிலையக் குறியான எம்.ஏ.ஏ. மதராஸ் என்னும் பெயரையே நினைவூட்டுகிறது.

ஒலிபெயர்ப்பில் எழும் மயக்கம்

குறியீடுகளை மொழிபெயர்க்க இயலாது என்பதால் அவற்றை ஒலிபெயர்ப்பதே இன்றைய வழக்கம். இங்கும் ஓர் இடர் உண்டு. தமிழ் வரிவடிவம் வல்லினத்தில் ஒலிப்புடை, ஒலிப்பிலா வேறுபாட்டைக் காட்டுவதில்லை. ஆதலின் ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் ‘பி’ எனவும், நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் ‘டி’ எனவும் ஒன்றாகிவிடுகின்றன. வானிலை அறிக்கையில் புழுதிப்புயலுக்கும் இடிப்புயலுக்கும் தனித்தனிக் குறியீடுகள் உள்ளன. தமிழில் இரண்டும் ‘டி.எஸ்.’ என்றே எழுதப்படும். மென்மூடுபனியின் குறியீடும், ‘பகுதியளவு’ என்னும் அடையின் குறியீடும் ‘பி.ஆர்.’ என ஒன்றாகும்.

இம்மயக்கத்தைத் தீர்க்கும் கருவி இத்துறையிலேயே உள்ளது. புழுதிப்புயலை ‘டெல்டா சியெரா’ என்றும், இடிப்புயலை ‘டேங்கோ சியெரா’ என்றும் எழுதினால் வேறுபாடு தெளிவாகும். அவ்வாறே இந்தியப் பதிவுக்குறியை ‘விக்டர் டேங்கோ’ எனலாம். வானொலியில் செவிமயக்கத்தைத் தவிர்க்க எழுந்த எழுத்துச்சொல் வரிசை, தமிழ் எழுத்தில் கண்மயக்கத்தைத் தவிர்க்கவும் பயன்படும்.

கருத்துச் சொற்கள்

பொருளைக் கொண்டு மொழிபெயர்க்கத்தக்கவை மூன்றாம் வகையின. இவற்றில் தமிழின் குறை சொல் இன்மை அன்று. ஒரு சொல்லே பல கருத்துகளுக்கு நிற்பது. ஆங்கிலத்தில் நான்கு சொற்களால் குறிக்கப்படும் அளவைகள் தமிழில் ‘உயரம்’ என ஒன்றாகிவிடுகின்றன. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் அமைந்த பெங்களூரு விமான நிலையத்தில் நிற்கும் விமானத்தின் உயரமானி, கியூ.என்.எச். அமைவில் ஏறத்தாழ 3000 அடியையும் கியூ.எஃப்.இ. அமைவில் சுழியையும் காட்டும். இரண்டையும் ‘உயரம்’ என்று மட்டும் கூறினால் கற்போர் குழம்புவர். அடைமொழி சேர்த்துத் ‘தரைமேல் உயரம்’, ‘கடல்மட்ட உயரம்’, ‘நில உயரம்’ எனவும், 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்னும் பொது அழுத்த அமைவின்படி கொள்வதைப் ‘பறப்பு மட்டம்’ எனவும் வழங்கலாம். அவ்வாறே மேலெழுதலை ‘வானேற்றம்’ என வரையறுத்து, ‘புறப்பாடு’ என்பதைப் பொதுப்பொருளுக்கு உரியதாக்கலாம்.

‘மேடே’ உயிருக்கு உடனடி இடர் நேர்ந்த நிலையையும், ‘பான்-பான்’ உடனடி இடரின்றி விரைந்த கவனம் வேண்டும் நிலையையும் உணர்த்தும். முன்னதை ‘இடர்நிலை’, பின்னதை ‘அவசரநிலை’ எனப் பிரிப்பது தகும். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே அவியங்கா 52 விமானம் எரிபொருள் தீர்ந்து வீழ்ந்து 73 பேர் மாண்டனர். விமானக் குழுவினர் முன்னுரிமை கோரினர். எரிபொருள் தீர்ந்து வருவதாகவும் கூறினர். ஆனால் இடர்நிலையை உணர்த்தும் வரையறுத்த சொல்லை ஆளவில்லை. செய்தித்தமிழில் ‘அவசரத் தரையிறக்கம்’ என்னும் தொடர் இவ்விரு நிலைக்கும் வேறுபாடின்றி ஆளப்படுவது மறுபரிசீலனைக்கு உரியது.

சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதும் இவ்வகையில் முழுமையாகப் பயன்தராது. ஏ.ஓ.ஜி. என்னும் குறுக்கத்தின் நேர்ப்பொருள் ‘தரையில் விமானம்’ என்பது. அது உணர்த்துவதோ பழுதினால் பறக்க இயலாது நிறுத்தப்பட்ட விமானத்தை. ‘பழுதால் நிறுத்தம்’ எனக் கருத்தை நோக்கி ஆக்குவதே பொருந்தும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. வானொலி நடைமுறைச் சொற்களை அவற்றின் ஒலிவடிவிலேயே கொண்டு, தமிழில் வரையறை மட்டும் தருதல் வேண்டும். விரிவற்ற குறியீடுகளுக்கு விரிவு புனையாது, மயக்கம் நேருமிடத்து எழுத்துச்சொல் வரிசையால் எழுதுதல் வேண்டும். கருத்துச் சொற்களைத் தமிழில் ஆக்கும்போது ஒரு கருத்துக்கு ஒரு சொல் என்னும் வரையறையைப் பேணுதல் வேண்டும். கலைச்சொல் அகராதிகளில் ஒவ்வொரு பதிவுக்கும் அது இம்மூவகையுள் எதனைச் சார்ந்தது என்னும் குறிப்பு இணைக்கப்படுமாயின், விமானவியலைத் தமிழ்வழி அறிய விழையும் மாணவர்க்கும் செய்தியாளர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் அது பயன்படும். கப்பற்போக்குவரத்து, தொடர்வண்டிக் கட்டுப்பாடு ஆகிய துறைகளின் நடைமுறைச் சொற்களையும் இவ்வடிப்படையில் ஆராய இடமுண்டு.