வேலைக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

பாவூர்சத்திரம் வட்டாரத்தில் பத்து சென்ட் நிலம் வாங்க எண்ணும் ஒரு குடியானவர் என்னென்ன செய்கிறார் என்பதை நாம் அறிவோம். மூலப்பத்திரத்தைக் கேட்கிறார். பட்டா யார் பெயரில் இருக்கிறதென்று பார்க்கிறார். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுக்கிறார். நான்கு எல்லைகளையும் நேரில் நடந்து பார்த்த பின்னரே முன்பணம் தருகிறார். விற்பவர் உறவினரேயாயினும் இவற்றுள் ஒன்றையும் அவர் விடுவதில்லை. அதே குடியானவர் அந்த நிலத்தை அடகு வைத்து, மகனுடைய உத்தியோகத்திற்கென்று இலட்சக்கணக்கான ரூபாயை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது, ஒரு தாளைக்கூட வாங்கிப் பார்ப்பதில்லை. "நமக்கு வேண்டியவர் சொன்னார்" என்பதே அவருக்குப் போதுமானதாகி விடுகிறது. நிலத்திற்குக் காட்டும் எச்சரிக்கையை வேலைக்கும் காட்டுவது எவ்வாறு என்பதை இங்கே ஆராய்வோம்.

2022ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் நம் மாநிலத்து இளைஞர்கள் 28 பேர் புதுடில்லி இரயில் நிலையத்தில் நாள்தோறும் எட்டு மணி நேரம் நின்று, வந்து போகும் இரயில்களையும் அவற்றின் பெட்டிகளையும் எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தனர். பயணச்சீட்டுப் பரிசோதகர், எழுத்தர் முதலிய பதவிகளுக்கான பயிற்சி இது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஏறத்தாழ ஒரு மாதம் எண்ணினார்கள். இதற்காக ஒவ்வொருவரும் 2 இலட்சம் முதல் 24 இலட்சம் ரூபாய் வரை கொடுத்திருந்தனர். மொத்தம் 2 கோடியே 67 இலட்சம் ரூபாய். பயிற்சி ஆணை, அடையாள அட்டை, நியமன உத்தரவு ஆகிய அனைத்தும் போலியானவை என்பது இரயில்வே அதிகாரிகளை அணுகிய பிறகே தெரிந்தது. இவர்களுள் பலர் பொறியியல் படித்தவர்கள். ஆதலால், இத்தகைய வலையில் எழுத்தறியாதவரே விழுவர் என்று கருதுவது தவறு.

இந்த மோசடியில் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த இளைஞர்கள் கண்ணால் பார்த்தவற்றுள் பல உண்மையானவை. இரயில் நிலையம் உண்மை. அவர்களை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்ற இடம் உண்மையான இரயில்வே மருத்துவமனை. உண்மையான கட்டடங்களுக்கு நடுவே பொய்யான தாள்கள் நடமாடின. "அலுவலகத்துக்கே போய்ப் பார்த்துவிட்டோம்" என்று பெற்றோர் திருப்தியடைகிறார்கள். கட்டடத்தைப் பார்ப்பது நிலத்தின் வேலியைப் பார்ப்பது போன்றதேயாகும். வேலி யார் வேண்டுமானாலும் போடலாம், பத்திரம் அப்படியன்று.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். அந்த இளைஞர்களைத் தரகரிடம் சேர்ப்பித்தவர் தம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு நன்மை செய்ய எண்ணிய ஓர் முதியவர். தாமும் ஏமாற்றப்பட்டதாகக் கூறிப் பின்னர் போலீசில் புகார் செய்தவரும் அவரே. கிராமங்களில் மோசடி பெரும்பாலும் இவ்வாறே நுழைகிறது. முன்பின் அறியாதவன் நேரே வந்து கேட்டால் யாரும் பணம் தரமாட்டார்கள். மாமாவுக்குத் தெரிந்தவர், அவருக்குத் தெரிந்த ஓர் அதிகாரி என்று சங்கிலி நீளும். சங்கிலியின் இந்த முனையில் இருப்பவர் நல்லவர் என்பது அந்த முனையில் இருப்பவனைப் பற்றி எதையும் தெரிவிப்பதில்லை. ஆகவே, அழைத்து வந்தவரின் குணத்தைப் பற்றி ஆராய்ந்து மனஸ்தாபம் கொள்ளாமல், அவர் கொண்டுவந்த வேலையின் மூலப்பத்திரத்தைக் கேட்பதே முறை.

அரசாங்க வேலைக்கு மூலப்பத்திரம் அதன் அறிவிக்கை. இரயில்வே ஆட்சேர்ப்பு வாரியமும், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமும் அறிவிக்கை எண், காலியிடங்களின் தொகை, தேர்வு நாள் இவற்றைக் குறிப்பிட்டு எல்லோரும் காணும்படி வெளியிடாமல் ஆள் எடுப்பதில்லை. டில்லி சென்ற இளைஞர்கள் தாம் எழுதிய தேர்வு எது, தேர்ச்சிப் பட்டியலில் தம் எண் எங்கே என்று தம்மையே கேட்டிருந்தால், பயணம் மதுரையிலேயே நின்றிருக்கும். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் பதவிகளுக்கான குரூப் 4 தேர்வில் நேர்முகத் தேர்வே கிடையாது. "நேர்முகத் தேர்வில் சொல்லி வைக்கிறேன்" என்று அதற்குப் பணம் கேட்பவர் எதை விற்கிறார் என்று வாசகர்களே கூறட்டும். நேர்காணல் உள்ள உள்ளூர்ப் பதவிகள் சில இருப்பினும், அவற்றுக்கும் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பு இருந்தே தீரும். தரகர் காட்டும் நகலை நம்பாமல், அவர் தரும் தொலைபேசி எண்ணை அழைக்காமல், அந்தந்த அலுவலகத்தை நாமே தேடிச் சென்று விசாரிக்க வேண்டும்.

தனியார் வேலைக்கு அறிவிக்கை எண் இராது. அங்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டிலிருந்தபடியே பென்சில் அடுக்கி மாதம் முப்பதாயிரம் சம்பாதிக்கலாம் என்னும் விளம்பரம் கைபேசிகளில் உலவுகிறது. பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் செலுத்த வேண்டுமாம். நம் பகுதியில் பீடி சுற்றும் தாய்மார்கள் ஆயிரம் பீடிக்கு எவ்வளவு கூலி, ஒரு நாளில் எத்தனை சுற்ற முடியும் என்பதை விரல் நுனியில் வைத்திருப்பவர்கள். அவர்கள் இந்தக் கணக்கையும் போடட்டும். கடையில் ஒரு பென்சில் பெட்டி என்ன விலைக்கு விற்கிறது? அதை அடுக்குவதற்கு மட்டும் முதலாளி எவ்வளவு தர முடியும்? பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் சரக்கு விற்று விலை கைக்கு வரும்போதுதான் கமிஷன் கழிக்கப்படுகிறது. சம்பளம் வருமுன் காப்புத்தொகை, சீருடைப் பணம், பயிற்சிக் கட்டணம் என்று கேட்பவரைச் சந்தையில் உள்ளவர்களே சந்தேகிப்பார்கள்.

பணம் கேட்காத விளம்பரத்திலும் வில்லங்கம் இருக்கலாம். கோவை, திருப்பூர்ப் பகுதி நூற்பாலைகள் சிலவற்றுக்குத் தென் மாவட்டங்களிலிருந்து இளம் பெண்களைச் சேர்த்த "சுமங்கலித் திட்டம்" அத்தகையது. மூன்றாண்டு வேலை செய்தால் திருமணத்திற்கு மொத்தத் தொகை கிடைக்கும் என்பது அதன் கவர்ச்சி. அத்தொகையோ பெரும்பாலும் அப்பெண்களின் கூலியிலிருந்தே பிடித்து வைக்கப்பட்டது. இடையில் நோயுற்றுத் திரும்பியவர் பலர் அதை இழந்தனர். அந்நாளில் நடப்பிலிருந்த 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் கூலியை இப்படி நிறுத்திவைக்க இடம் தரவில்லை. மாதக் கூலி எவ்வளவு, எந்தத் தேதியில் எவர் கையில் என்பதைக் கேட்டு எழுத்தில் பெறாமல் பெண் பிள்ளைகளை வண்டியேற்றலாகாது.

வெளிநாட்டு வேலைக்கு வில்லங்கம் பார்ப்பது ஒருவகையில் எளிது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவரே ஆள் சேர்க்கலாம். அவருடைய பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். அவர் பெறக்கூடிய சேவைக் கட்டணத்திற்கு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே உச்சவரம்பு. ரசீதும் தர வேண்டும். தமிழ்நாடு அரசு 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் அணுகலாம். சுற்றுலா விசாவில் சென்று சேருங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டால் அத்துடன் பேச்சை நிறுத்திவிட வேண்டும். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைக்கப்பட்ட இந்திய இளைஞர்கள் சட்டவிரோதமாக எல்லை கடத்தப்பட்டு, பெரும்பாலும் மியான்மருக்குள், அடைத்து வைக்கப்பட்டு வேலை வாங்கப்பட்டதை வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பர் 24ஆம் நாள் அறிவித்து எச்சரித்தது.

பணம் கொடுத்துவிட்டவர்கள் வாய் திறப்பதில்லை. ஊரார் நகைப்பர் என்ற வெட்கம் ஒன்று. வேலைக்குப் பணம் கொடுத்தது நம் தவறாகுமோ என்ற அச்சம் மற்றொன்று. இவ்விரண்டையும் தரகன் நன்கு அறிவான். "இன்னும் ஐம்பதாயிரம் கொடுத்தால் உத்தரவு வந்துவிடும், புகார் செய்தால் எல்லாம் போய்விடும்" என்பான். அந்த ஐம்பதாயிரத்தைக் கொடுக்கலாகாது. இணையவழியில் பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்திற்குள் தெரிவித்தால் பணத்தை வங்கியிலேயே தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. கையில் கொடுத்திருந்தால், கொடுத்த நாள், தொகை, உடனிருந்தவர், பேசிய எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கைபேசியில் வந்த செய்திகளை அழிக்காமல், பாவூர்சத்திரம் காவல் நிலையத்திலோ தென்காசி மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலோ மனு கொடுத்து, மனு ஏற்புச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.