சகோதரியை நிறுக்காதிருங்கள்

வேதபாடம்: 1 சாமுவேல் 16, நீதிமொழிகள் 31, மாற்கு 5



நம்முடைய சபைகளில் அநேக சகோதரிகள் ஞானஸ்நானம் எடுக்கும்போதே நகையைக் கழற்றிவிடுகிறார்கள். ஏன்? வெளித்தோற்றத்தினால் ஒருத்தி உயர்ந்தவளுமல்ல, தாழ்ந்தவளுமல்ல என்று சாட்சி சொல்லத்தான். நல்லது. ஆனால் கழுத்தைப் பார்க்காமல் விட்ட கண், இப்போது இடுப்பைப் பார்க்கிறதே! "ஸ்தோத்திரம்" சொன்ன அதே வாயால், "என்ன சிஸ்டர், ரொம்ப குண்டாயிட்டீங்க?" என்கிறோம். இல்லாவிட்டால், "ஏம்மா, எலும்பும் தோலுமா இருக்கே, வீட்ல சோறு போடறதில்லையா?" என்கிறோம். அன்பாய்க் கேட்கிறோம் என்றுதான் நம்முடைய நினைப்பு. ஆனால் கேட்டவளுக்கு அன்றைய பிரசங்கம் மறந்துபோகும், அந்த வார்த்தை மறக்காது. நகையைக் கழற்றின சபை தராசையும் கீழே வைக்கவேண்டும். இதுவே இந்தப் பாடம்.

1. ஒரு எண் ஒரு ஆளைச் சொல்லிவிடாது

எலியாபின் முகத்தையும் உயரத்தையும் பார்த்து சாமுவேல் தீர்க்கதரிசியே ஏமாந்தார். நாம் எம்மாத்திரம்? இன்று எடையை உயரத்தோடு கணக்குப் போட்டு 'பிஎம்ஐ' என்று ஒரு எண் சொல்கிறார்கள். 1830-களில் இந்தக் கணக்கைக் கண்டவர் பெல்ஜியம் தேசத்து அடால்ஃப் கெட்லே. அவர் வைத்தியர் அல்ல, வானசாஸ்திரி, புள்ளிவிவர நிபுணர். ஜனத்தொகையின் சராசரியை ஆராய்ந்தாரே தவிர, ஒரு ஆளின் வியாதியைக் கண்டுபிடிக்க அதைச் செய்யவில்லை. இந்த எண்ணை மட்டும் நம்பாமல் மற்ற அளவுகளோடு சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று 2023-ல் அமெரிக்க மருத்துவச் சங்கமும் சொல்லிவிட்டது. நம்முடைய தேசத்தாருக்கு ஒல்லியான தேகத்திலும் சர்க்கரை வியாதி வருகிறது. ஆகையால் ஒல்லியாயிருப்பவள் "எனக்கு ஒண்ணும் இல்லை" என்று இருந்துவிடவும் கூடாது.

2. கண்ணுக்குத் தெரியாத பாடு

2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 பேர். இவர்களில் ஒல்லியானவர்களும் உண்டு, பருமனானவர்களும் உண்டு. தராசு இதைக் காட்டாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், எப்போதும் அசதி. வீட்டிலோ "சோம்பேறி" என்று பேர்!

மாற்கு 5-ல் வரும் பெரும்பாடுள்ள ஸ்திரீயை நினைத்துப் பாருங்கள். 12 வருஷம் உதிரம் போனது. கையில் இருந்ததெல்லாம் செலவழிந்தது. கூட்டத்தில் பின்னாலே மறைந்து வந்தாள். ஆண்டவர் அவளை வெட்கப்படுத்தவில்லை, மகளே என்று அழைத்தார். மாதவிலக்கில் அதிகமாய் உதிரம் போவது இரத்தசோகைக்கு ஒரு முக்கிய காரணம். நம் வீடுகளில் எத்தனை பேர் வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கிறார்கள்! குண்டு, ஒல்லி என்று பேச்சு வாங்கினவள் ஆஸ்பத்திரிக்குப் போகவும் தயங்குவாள். போனால் அங்கேயும் நிறுத்துவார்களே என்ற பயம். நம்முடைய விளையாட்டுப் பேச்சு ஒரு உயிருக்கே ஆபத்தாகலாம்.

3. செய்யவேண்டியது என்ன?

குணசாலியான ஸ்திரீயைப் பற்றி நீதிமொழிகள் 31-ல் வாசியுங்கள். அவளுடைய இடுப்பளவு அங்கே இல்லை. கைகளின் பெலம் இருக்கிறது.

அ) கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். எல்லாரும் சாப்பிட்டபின் சட்டியில் மிஞ்சினதுதான் அம்மாவுக்கு என்ற பழக்கம் வேண்டாம். கீரை, கேழ்வரகு, சுண்டல், முட்டை, முடிந்தால் ஈரல் சேருங்கள். நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாய்ச் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அது குறையும்.

ஆ) பெலத்துக்காக நடவுங்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடலுழைப்பு வேண்டும் என்கிறது. தசைக்குப் பெலன் தரும் பயிற்சி 2 நாள். எடை இறங்காவிட்டாலும் இரத்த அழுத்தத்துக்கும், சர்க்கரைக்கும், மனச்சோர்வுக்கும் இதனால் நன்மை உண்டு. "ஒரு கிலோகூட குறையலையே" என்று நிறுத்திவிடாதீர்கள்.

இ) பரிசோதனை செய்யுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் இந்த மூன்றும் முக்கியம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் இரத்தசோகை. காரணமில்லாமல் எடை சட்டென்று ஏறினாலும் இறங்கினாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஈ) தூங்குங்கள். சோர்ந்துபோன எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. சாப்பாடு கொடுத்தான், மறுபடியும் படுக்கவிட்டான். அதிகாலை ஜெபத்துக்கு எழும்புகிற தாய்க்கு ராத்திரி பாத்திரம் கழுவ ஒரு கை கொடுங்கள், சகோதரரே!

4. உபவாசத்தைப் பற்றி ஒரு எச்சரிப்பு

எடை குறைக்க பட்டினி கிடந்துவிட்டு அதற்கு உபவாசம் என்று பேர் வைக்கவேண்டாம். கர்ப்பிணிகளும், பால் கொடுக்கிற தாய்மாரும், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் உபவாசிக்கக் கூடாது. இதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை.

"அப்படியானால் எடையைப் பற்றிப் பேசவே கூடாதா?" என்று கேட்பீர்கள். வைத்தியர் ஆலோசனை சொன்னால் அந்தச் சகோதரி கேட்கட்டும். அது அவளுக்கும் வைத்தியருக்கும் உள்ள காரியம். சபை அதற்கு நியாயாதிபதி அல்ல.

சிந்திக்க:
1. நம் வீட்டில் கடைசியாய்ச் சாப்பிடுவது யார்? அவளுக்கு என்ன மிஞ்சுகிறது?
2. வீட்டிலுள்ள பெண்கள் கடைசியாய் இரத்தப் பரிசோதனை செய்தது எப்போது?

இந்த வாரமே ஒரு நாளைக் குறியுங்கள். மனைவியை, தாயை, மகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துக்கொண்டு போங்கள். கர்த்தர் நம் வீட்டு ஸ்திரீகளுக்குச் சரீர பெலனையும் நீடித்த சுகத்தையும் தருவாராக. ஆமென்.