மழை விட்டும் மனசு விடலையா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் எங்கும் வெள்ளம். செமஸ்டர் தேர்வும் தள்ளிப்போச்சு. "எக்ஸாம் எப்போ? ஊர்ல வீடு என்ன ஆச்சு?"ன்னு பலருக்குத் தூக்கமே வரல. அடுத்து என்னன்னு தெரியாதப்போ உடம்பு உஷாராகவே இருக்கும், படபடப்பு அதனால்தான்.

இப்படிச் சமயத்தில் வாட்ஸ்அப் வதந்தியை விடுங்க. அறிவிப்பை நாளுக்கு இரண்டு முறை மட்டும் பாருங்க. ஒரு யூனிட்டை மட்டும் எடுத்துப் படிங்க. நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குங்க. ரூம்மேட்டிடம் வாய்விட்டுப் பேசுங்க.

இரண்டு வாரமாகியும் சரியாகலைன்னா, டெலி மானஸ் 14416-க்கு போன் பண்ணுங்க. இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். வாழவே வேண்டாம்னு தோணினா, இரண்டு வாரமெல்லாம் பார்க்காதீங்க. உடனே கூப்பிடுங்க.