தூரமா, காலமா? உயர்ரக நாய் வளர்ப்பில் விந்துவைத் தேர்ந்தெடுக்கும் முறை

அமெரிக்காவில் ஒருவர் தன் லாப்ரடார் பெட்டையைச் சேர்க்க விரும்புகிறார். அவருக்குப் பிடித்த ஆண் நாய் வேறு மாநிலத்தில் இருக்கலாம், செத்துப்போயும் இருக்கலாம். இரண்டுக்குமே இன்று வழி உண்டு. இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி 18ஆம் நூற்றாண்டிலேயே நாய்க்குச் செயற்கைக் கருவூட்டல் செய்து காட்டினார். உறைய வைத்த விந்துவில் (உறைவிந்து) நாய்க்குட்டி பிறந்த செய்தி வந்தது 1969இல். எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

முதலில் சோதனை

வழி எதுவானாலும் மரபணுச் சோதனையை முதலில் முடித்துவிட வேண்டும். லாப்ரடார்களில் சில, கடுமையாக ஓடிய சில நிமிடங்களில் பின்னங்கால் துவண்டு விழும். இதற்குக் காரணமான மரபணு 2008இல் கண்டறியப்பட்டது. தாய், தந்தை இரண்டிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் குட்டிக்கு நோய் வரும். ஒரு பிரதி மட்டும் உள்ள நாய் திடமாகவே இருக்கும். ஆனால் நோயைக் கடத்தும். கடத்திகள் இரண்டைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டிக்கு நோய் வரும். கடத்தியைப் பழுதற்ற நாயுடன் சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் வராது. ஆகவே கடத்தி என்பதற்காகவே நல்ல நாயை ஒதுக்க வேண்டாம். கண்டபடி ஒதுக்கினால் இனத்தின் மரபணு வளம் குறுகிவிடும்.

இடுப்பு மூட்டுக் கோளாறுக்குப் பல மரபணுக்களும் வளர்ப்பும் சேர்ந்து காரணம். அதற்கு இரண்டு வயதில் எடுக்கும் எக்ஸ்ரேதான் கணக்கு.

குளிரூட்டி அனுப்பும் விந்துவுக்கும் (குளிர்விந்து) உறைவிந்துக்கும் ஆண் நாயின் டிஎன்ஏ பதிவை நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் கேட்கும். அது தந்தை யார் என்பதற்கான அடையாளச் சான்று மட்டுமே. அதை ஆரோக்கியச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நேரடிச் சேர்க்கை

ஆண் நாய் பக்கத்தில் இருந்தால் இதுவே எளிது, செலவும் குறைவு. விந்தணு பெட்டையின் உடலில் ஐந்தாறு நாள் உயிரோடிருக்கும் என்பதால் நாள் சற்று முன்பின் ஆனாலும் சினை பிடிக்கும். ஆண், பெட்டை இரண்டுக்கும், சேர்க்கையில் பரவும் புரூசெல்லா கிருமிக்கான சோதனை கட்டாயம்.

குளிர்விந்து

விந்துவை ஊட்டக் கரைசலில் கலந்து, சுமார் 5 டிகிரி குளிரில் கூரியரில் அனுப்புவார்கள். ஓரிரு நாளுக்குள் செலுத்திவிட வேண்டும். தூரம் மட்டுமே சிக்கல் என்றால் இது போதும். ஆனால் கருமுட்டை வெளியாகும் நாளை ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் அளவு பார்த்துக் கணிக்க வேண்டும். அந்த நாளில் ஆண் நாயும் கைக்குக் கிடைக்க வேண்டும்.

உறைவிந்து

திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில், பல பத்தாண்டுகள் கெடாது. உருக்கிய பிறகோ ஒரு நாள் தாங்கினாலே அதிகம். நாயின் கருமுட்டை வெளியானதும் உடனே கருத்தரிக்காது. முதிர இரண்டு நாள் ஆகும். எனவே முட்டை வெளியான இரண்டாம், மூன்றாம் நாளில், நேரே கருப்பைக்குள் செலுத்த வேண்டும். எண்டோஸ்கோப் வழியாகச் செய்யப் பயிற்சி பெற்ற மருத்துவர் இருந்தால் வயிற்றைக் கிழிக்கும் அறுவை தேவையில்லை. செலவு அதிகம், சினை பிடிக்கும் வாய்ப்பும் குட்டிகளின் எண்ணிக்கையும் பொதுவாகக் குறைவு.

பிறகு ஏன் உறைய வைக்க வேண்டும்? காலத்தை வாங்குவதற்காகத்தான். டோபர்மேனைப் பாருங்கள். அதன் இதயத்தசை நோய் பெரும்பாலும் நடுவயதில்தான் தலைகாட்டும். மரபணுச் சோதனையை மட்டும் வைத்து முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. இளமையில், விந்து தரமாக இருக்கும்போதே சேமித்து வைத்துவிட்டு, நாய் ஒன்பது, பத்து வயது வரை நல்ல இதயத்தோடு வாழ்ந்ததைப் பார்த்த பிறகு பயன்படுத்தலாம். நாளை புதிய சோதனை வந்தால், நாய் இறந்திருந்தாலும் சேமித்த டிஎன்ஏவில் அதைச் செய்து பார்க்கலாம்.

இதில் ஆபத்தும் உண்டு. பரிசு வென்ற ஒரே நாயின் விந்து எல்லா ஊருக்கும் போனால், அதன் மறைந்திருக்கும் குறையும் கூடவே போகும்.

முடிவாக: ஆண் நாய் அருகில் இருந்தால் நேரடிச் சேர்க்கை. உயிரோடு தொலைவில் இருந்தால் குளிர்விந்து. இறந்துபோன நாய்க்கும், வயதாகித் தகுதியை நிரூபித்த நாய்க்கும் உறைவிந்து. சோதனைச் சான்று இல்லாத விந்துவை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.