ஏர் ஃபில்டர் மாற்றினால் வண்டி பறக்குமா?

(இரண்டாமாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு. ஊர்: பூதப்பாண்டி)

நண்பர்களே, மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தபோது கவிதை எழுதத்தான் எனக்கு முதலில் ஆசை. ஆனால் கவிதை எழுத நம் வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். எனக்கோ ஒரு கடன் பாக்கி இருக்கிறது. அதைக் காசாகத் தீர்க்க வழியில்லை. படித்துத் தெரிந்துகொண்டதை எழுதியாவது கொஞ்சம் தீர்க்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்குச் செண்பகராமன்புதூர் பக்கம் செங்கல் சூளையில் வேலை. மாமா பூதப்பாண்டியில் சின்னதாக ஒரு ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கேதான் நிற்பேன். முதலாம் ஆண்டு சேர்ந்த புதிதில், கத்தாரிலிருந்து லீவில் வந்த ஒரு அண்ணன் தன் ஸ்விஃப்ட் காரை அங்கே கொண்டுவந்தார். அலாய் வீல், அகலமான டயர் என்று பார்க்கவே ஜோராக இருக்கும். கையில் புதிதாக வாங்கிய கோன் ஃபில்டர் ஒன்று.

"எடே, நீ படிக்கப் பயலாச்சே. இதப் போட்டா பத்து குதிரை கூடும்ணு கடைக்காரன் சொல்லுகான். போடலாமா?"

மாமா, "வேண்டாம்டே, கம்பெனி பெட்டி கெடக்கட்டும்" என்றார். எனக்கு அப்போது இன்லெட் வால்வு எது, எக்ஸாஸ்ட் வால்வு எது என்று தெரியும். அவ்வளவுதான் தெரியும். ஆனாலும், "போடுங்கண்ணே, காத்து கூட வந்தா பவரும் கூடத்தானே செய்யும்" என்று சொல்லிவிட்டேன். படித்த பயல் சொன்னதால் மாமாவும் மேற்கொண்டு பேசவில்லை. போட்டோம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் புலி உறுமுவது போல் சத்தம். அண்ணனுக்கு மகா சந்தோஷம்.

அடுத்த லீவுக்கு அவர் வந்தபோது வண்டி நீலப் புகை விட்டது. என்ஜின் ஆயில் குறைந்துகொண்டே போனது. கழற்றிப் பார்த்தால், சிலிண்டர் போரில் ஆயில் தங்குவதற்காகப் போட்டிருக்கும் குறுக்குக் கோடுகள் எல்லாம் தேய்ந்து, கண்ணாடி மாதிரி மினுங்கியது. மாமா ஏர் குழாயின் உள்ளே விரலை விட்டுத் துடைத்துக் காட்டினார். செம்மண். "என்ஜின் மண்ணு தின்னிருக்குடே" என்றார். கோனின் கழுத்தும் வண்டியின் குழாயும் ஒரே அளவில்லை. கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் ஒரு பக்கம் நூலளவு இடைவெளி நின்றிருக்கிறது. மாட்டியவன் நான். அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். அது முழுதாக எரிய, எடையில் அதைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். அதாவது ஏறத்தாழ 11 கிலோ காற்று. நம்ம ஊர் வெப்பத்தில் அது 9,000 லிட்டருக்கு மேல் வரும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிற கார் 10,000 கிலோமீட்டர் ஓடினால் 6,000 கன மீட்டர் காற்றைக் குடித்திருக்கும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள அறைகள் இருநூறைக் காலி செய்தது போல! அத்தனை காற்றிலும் கலந்திருக்கிற தூசியைத் தடுப்பது அந்த ஒற்றைச் சட்டம்தான்.

தூசி என்றால் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் மோஸ் அளவுகோலில் கடினம் 7, கண்ணாடியையே கீறும். பெரிய மணலை எந்த ஃபில்டரும் பிடித்துவிடும். மனித முடியின் தடிமனில் நாலில் ஒன்று, பத்தில் ஒன்று என்று இருக்கிற பொடிதான் பிஸ்டன் ரிங்குக்கும் போருக்கும் நடுவில் உப்புத்தாள் வேலை செய்யும். ஆடி மாசம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும்போது சூளைப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அப்பா வேலை செய்யும்போது மூக்கில் தோர்த்து கட்டிக்கொள்வார். காய்ந்த தோர்த்து என்றால் மூச்சு எளிதாக விடலாம், ஆனால் பொடி உள்ளே போகும். நனைத்துக் கட்டினால் பொடி நிற்கும், மூச்சு முட்டும். இரண்டு மடிப்பு போட்டால் இன்னும் பொடி நிற்கும், இன்னும் முட்டும். ஏர் ஃபில்டர் பாடம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. காற்றை எவ்வளவு எளிதாக விடுகிறது, பொடியை எவ்வளவு பிடிக்கிறது, அடைபடுவதற்கு முன் எவ்வளவு பொடி தாங்கும் - இந்த மூன்றில் ஒன்றைக் கூட்டினால் மற்றதில் எங்காவது குறையும். மடிப்பு மடிப்பாகப் பரப்பைக் கூட்டுவதுதான் கொஞ்சமாவது தப்பிக்கிற வழி. கம்பெனி பேப்பர் ஃபில்டரில் அத்தனை மடிப்பு இருப்பதும் அதனால்தான்.

வெளியே கிடைக்கிற வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்ணெய் தடவிய பருத்தி வலை ஒன்று. கலிபோர்னியாவின் ரிவர்சைடில் 1969-ல் தொடங்கிய கே அண்ட் என் இதில் பெயர் பெற்றது, இத்தாலியின் பி.எம்.சி.யும் இதே வகைதான். கழுவி, காயவைத்து, எண்ணெய் விட்டுத் திரும்பப் போடலாம். எண்ணெய் தடவிய ஃபோம் இன்னொன்று. மண்ணில் ஓடும் பைக்குகளில் அதிகம் பார்க்கலாம். எண்ணெய் இல்லாத செயற்கை இழை மூன்றாவது. வடிவத்திலும் இரண்டு உண்டு: கம்பெனி பெட்டிக்குள் அப்படியே உட்காரும் பேனல், பெட்டியைத் தூக்கிவிட்டு மாட்டும் கோன்.

பவர் கூடுமா என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. இதை நானே அளந்து பார்த்தேன். கொத்தனார் மட்டம் பார்க்கிற கண்ணாடி டியூபில் இரண்டு மீட்டர் வாங்கி, யு வடிவில் ஒரு பலகையில் அடித்து, பாதிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு முனை திறந்திருக்கும். மறு முனையை ஃபில்டருக்கு அடுத்த ரப்பர் குழாயில், பிரீதர் ஹோஸ் சேருகிற இடத்தில் இணைத்தேன். வண்டி, போர் வேலை முடிந்து கம்பெனி பெட்டியோடு நின்ற அதே ஸ்விஃப்ட். மாமா ஓட்ட, நான் பக்கத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டு, ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில் இரண்டாவது கியரில் முழு ஆக்ஸிலேட்டரில் 6,000 சுற்று வரை போனோம். புதிய பேப்பர் ஃபில்டரில் நீர்மட்ட வித்தியாசம் 8 சென்டிமீட்டர். இரவல் வாங்கிய பருத்தி பேனலில் 6 சென்டிமீட்டர். வண்டி குலுங்குவதால் அரை சென்டிமீட்டர் அப்படி இப்படி இருக்கலாம்.

வளிமண்டல அழுத்தம் முழுவதும் 1,033 சென்டிமீட்டர் நீர்மட்டம். மிச்சம் பிடித்தது 2. வகுத்துப் பாருங்கள்: 0.2 சதவீதம். 85 குதிரைத்திறன் வண்டியில் ஒரு குதிரையில் ஆறில் ஒரு பங்கு! ஃபில்டரைக் கழற்றித் தூர எறிந்து, காற்றுக்கு எந்தத் தடையும் இல்லாமல் செய்தாலும் முக்கால் குதிரை தேறாது. பத்து குதிரை எங்கேயிருந்து வரும்? அன்றைக்கு இந்த வகுத்தல் கணக்கை நான் போட்டிருந்தால் போதும். அதற்குப் பாலிடெக்னிக் கூட வேண்டாம், எட்டாம் வகுப்பு போதும்.

கோனில் இன்னொரு கூத்து இருக்கிறது. கம்பெனி பெட்டி முன்னாலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. கோன் பானட்டுக்கு உள்ளே, என்ஜின் சூட்டில் நிற்கிறது. வெளியே 33 டிகிரி, உள்ளே 55 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 306-ஐ 328-ஆல் வகுக்க வேண்டும். காற்றின் அடர்த்தி 6 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. 0.2 கிடைக்கும் என்று போய் அதைவிடப் பல மடங்கு விட்டுவிட்டு வருகிறோம். சத்தம் மட்டும் கூடும், சத்தம் கூடினால் வேகம் கூடினது போல மனசுக்குத் தோன்றும். தோன்றுவதற்கு ஐயாயிரம் ஆறாயிரம் கொடுக்கிறோம்.

டர்போ வண்டிக்கு வேறு கணக்கு என்பார்கள். நம் மாநிலத்திலேயே இருங்காட்டுக்கோட்டையில் செய்கிற ஹூண்டாய் ஐ20 என் லைன், 2021-ல் வந்தபோது 998 சி.சி. என்ஜினில் 120 குதிரைத்திறன் கொடுத்தது. இந்த மாதிரி வண்டியில் எவ்வளவு பூஸ்ட் வேண்டும் என்று கம்ப்யூட்டர் தீர்மானித்து வேஸ்ட்கேட்டை நடத்துகிறது. ஃபில்டரில் சிறிய தடை இருந்தால் டர்போ இன்னும் கொஞ்சம் சுற்றிச் சரிக்கட்டிவிடும். ஆனால் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்தச் சின்னச் சக்கரத்தின் மீதுதான் தூசி முதலில் மோதும். டர்போ வண்டிக்காரர்தான் வடிகட்டலில் கூடுதலாகக் கவனம் வைக்கணும்.

அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் 1990-ல் திறந்த பந்தய மைதானமும் இருக்கிறது. பந்தய வண்டியில் போடுகிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் என்ஜினை அடிக்கடி பிரித்துப் பூட்டுகிறவர்கள். தளமும் சுத்தமான தார். கம்ப்யூட்டர் மேப், கேம், எக்ஸாஸ்ட் எல்லாம் மாற்றிய என்ஜின் காற்றை அதிகம் இழுக்கும்போது ஃபில்டரும் பெரிதாகத்தான் வேண்டும். ஒன்றும் மாற்றாமல் ஃபில்டரை மட்டும் மாற்றுவது, பசியில்லாதவனுக்கு வாசலை இடித்துப் பெரிதாக்குவது போல.

மைலேஜ் கூடும் என்பதும் வீண்பேச்சு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், இன்ஜெக்ஷன் வண்டிகளில் ஃபில்டரை நன்றாக அடைத்துப் பார்த்தும் மைலேஜில் சொல்லும்படி மாற்றமில்லை. வேகமெடுப்பது மட்டும் மந்தமானது. சாதாரணமாக ஓட்டும்போது திராட்டில் தட்டே காற்றைப் பாதிக்கு மேல் மூடிக்கொண்டுதான் நிற்கிறது. அதற்கு முன்னால் ஃபில்டரின் தடை எம்மாத்திரம்?

இப்போது முக்கியமான இடம். ஒரு பெட்டியில் 99 சதவீதம் என்று போட்டிருக்கும், இன்னொன்றில் 97. இரண்டு மார்க்தான் வித்தியாசம், இரண்டும் டிஸ்டிங்ஷன் என்று நமக்குத் தோன்றும். பிடித்ததைப் பார்க்கக் கூடாது, விட்டதைப் பார்க்கணும். 100 கிராம் தூசியில் முதலாவது விட்டது 1 கிராம், இரண்டாவது விட்டது 3 கிராம். என்ஜினுக்குள் மூன்று மடங்கு மண்! இதற்கென்று ஐ.எஸ்.ஓ. 5011 என்ற சோதனை முறை இருக்கிறது. அரிசோனா மண்ணிலிருந்து எடுத்த, அளவு பிரித்த தூசியை ஊட்டி, தடை, பிடிப்பு, கொள்ளளவு மூன்றையும் அளப்பார்கள். பருமனான தூசியில் சோதித்தால் மார்க் கூட வரும், நுண்தூசியில் குறையும். ஆகவே எந்தத் தூசியில் என்றும் கேட்கணும். கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

ஒர்க்ஷாப்பில் நிற்கிற நண்பர்களுக்கு ஒன்று. வண்டி சர்வீஸுக்கு வந்தால் ஃபில்டரை எடுத்து ஏர் அடிப்பது நம் வழக்கம். பேப்பரில் படிந்த மெல்லிய தூசிப்படலமே அடுத்து வருகிற பொடியைப் பிடிக்கிறது. புது ஃபில்டரைவிடக் கொஞ்சம் ஓடிய ஃபில்டர் நன்றாக வடிகட்டும். கிட்டவைத்து ஏர் அடித்தால் அந்தப் படலமும் போகும், பேப்பரும் கிழியும். காலம் வந்தால் மாற்றுங்கள், சில நூறு ரூபாய்தான். பருத்தி ஃபில்டருக்கு எண்ணெய் விடும்போதும் கை தாராளம் கூடாது. அதிகமான எண்ணெய் காற்றோடு போய், ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் அதன் சூட்டுக் கம்பியில் படிந்தால் கணக்குத் தப்பி வண்டி திணறும். குறைந்தாலோ பொடி நிற்காது.

எந்த ஃபில்டர் போட்டாலும், ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் அதற்கு அடுத்த குழாயின் உட்புறத்தை வெள்ளைத்துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி, கழற்றிவிடுங்கள். கேஸ்கெட் சரியாக உட்காராத விலையுயர்ந்த ஃபில்டரைவிட, சரியாக உட்கார்ந்த மலிவான பேப்பர் மேல். என்னிடம் கேட்டால், நம்ம ஊர் ரோட்டுக்குக் கம்பெனி பெட்டியோடு பேப்பர் பேனல். கழுவிப் போட்டே ஆகணும் என்கிறவர்களுக்கு, சோதனை விவரம் தருகிற எண்ணெயில்லாச் செயற்கை இழைப் பேனல். கோன் வேண்டாம்.

அண்ணனின் வண்டிக்குப் போர் வேலைக் கூலியை மாமா வாங்கவில்லை. சாமான் காசு அவருடையது. என் பங்குக்கு நாலு மாச ஞாயிற்றுக்கிழமைக் கூலியை நான் கேட்கவில்லை, மாமாவும் தரவில்லை. அந்தக் கோன் இப்போதும் ஒர்க்ஷாப் சுவரில் ஆணியில் தொங்குகிறது. கழுத்தில் இடைவெளி இருந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். தண்ணீர் டியூப் அடித்த பலகையும் பக்கத்தில் இருக்கிறது. யாருக்காவது தன் வண்டியை அளந்து பார்க்க ஆசை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வரலாம். டியூபில் தண்ணீர் மட்டும் புதிதாக ஊற்ற வேண்டும்.