துணி உலர்த்தும் பொறியும் அதன் கோளாறுகளும்

நவம்பர் தொடங்கி மார்ச்சு வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று, ஈரத்தையும் உடன் அழைத்துக்கொண்டு நம் இல்லங்களுக்குள் புகுந்துவிடுகிறது. மழை நாளில் பால் வெட்டு நின்றுபோகிறது. ஆனால் துணி துவைக்கும் வேலை நிற்பதில்லை. பள்ளிப் பிள்ளைகளின் சீருடைகளும், கைக்குழந்தையின் துணிகளும், விடியுமுன் பிரட்டுக்கு உடுத்திச் செல்லவேண்டிய உடுப்புகளும் அஞ்சடியில் கட்டிய கொடியில் இரண்டு மூன்று நாள்கள் தொங்கினாலும் ஈரம் போவதில்லை. ஆகவே, துணி உலர்த்தும் பொறியைத் தவணை முறையில் வாங்கிய குடும்பங்கள் உண்டு. உறவினர் பயன்படுத்திய பழைய பொறியைப் பெற்றுக்கொண்டவர்களும் உண்டு.

வாங்கிய சில மாதங்களுக்குப் பின், "முன்போல் காயவில்லை", "சுற்றுகிறது, சூடில்லை", "ஏதோ தீய்ந்த வாடை வருகிறது" என்னும் முறையீடுகள் எழுகின்றன. இவற்றுள் பலவற்றை நாமே நீக்கிக்கொள்ளலாம். சிலவற்றில் நாம் கைவைக்கவே கூடாது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

பொறி வேலை செய்யும் முறை

புகைக்கூடத்தில் பணியாற்றிய பெரியவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஈர ரப்பர்த் தாள்களைக் கழிகளில் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினால் மட்டும் தாள்கள் உலர்ந்துவிடுவதில்லை. சூடேறிய காற்று தாள்களின் இடையே புகுந்து, ஈரத்தை ஏந்தி, கூரையிலுள்ள திறப்புகளின் வழியே வெளியேற வேண்டும். திறப்புகள் அடைபட்டால் எவ்வளவு விறகு எரித்தாலும் ஈரம் உள்ளேயே தங்கும். தாளில் பூஞ்சை படரும்.

துணி உலர்த்தும் பொறியும் ஒரு சிறு புகைக்கூடமே. புகை மட்டுந்தான் இல்லை. மின்விசையால் சூடேறும் கம்பி காற்றைச் சூடாக்குகிறது. விசிறி அக்காற்றை, சுழலும் உருளைக்குள் செலுத்துகிறது. ஈரத்தை ஏந்திய காற்று, வலை ஒன்றின் வழியாக வடிந்து, குழாயின் மூலம் வெளியேறுகிறது. ஐந்து கிலோ துணி, சலவைப் பொறியில் நன்கு சுழன்று பிழியப்பட்ட பின்னரும், ஏறத்தாழ 3 லிட்டர் தண்ணீரைத் தாங்கியிருக்கும். அவ்வளவு நீரும் ஆவியாகி அந்தக் குழாய் வழியாகவே வெளியே போக வேண்டும். எனவே, துணி உலரவில்லையெனில் நாம் முதலில் ஐயுற வேண்டியது சூட்டை அன்று, காற்றின் வழியை.

சூடு உண்டு, துணி உலரவில்லை

மிகுதியாகக் காணப்படும் குறை இதுவே. துணி சுழலும்பொழுது அதிலிருந்து மெல்லிய பஞ்சுத் துகள்கள் உதிர்ந்து வலையில் படிகின்றன. ஒவ்வொரு முறை பொறியை இயக்கிய பின்னரும் இவ்வலையை வெளியே எடுத்துத் துடைத்தல் வேண்டும். வாரம் ஒருமுறை துடைப்போம் என்று விட்டுவைப்பது பிழை.

துடைத்த வலை பார்வைக்குத் தூய்மையாக இருந்தும் அடைபட்டிருக்கக் கூடும். துணியை மென்மையாக்கும் நறுமண நீர்மங்கள் வலையின் நுண்துளைகளில் மெழுகுபோல் படிவதே இதற்குக் காரணம். இதனை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. வலையைக் குழாயடியில் பிடித்து அதன்மேல் சிறிது தண்ணீர் ஊற்றுக. நீர் உடனே கீழே வழிந்தால் நன்று. வலைமேல் தேங்கி நின்றால் அடைப்பு உள்ளது. சோப்பு நீரில் நனைத்து, பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்துக் கழுவி, முற்றாகக் காய்ந்த பின்னரே மீண்டும் பொருத்துக.

அடுத்து, வெளிக்குழாயைப் பார்க்க வேண்டும். பொறி சுவரோடு நெருக்கித் தள்ளப்பட்டால் குழாய் நசுங்கிவிடும். குழாய் நீளமாகவோ வளைந்து வளைந்தோ செல்லுமாயின், ஈரக் காற்று வழியிலேயே குளிர்ந்து நீராகித் தேங்கும். துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். குழாய் குறுகியதாகவும் நேராகவும் இருத்தல் நலம். அதன் வெளிமுனையில் குளவிக்கூடு, பல்லி முதலியவை அடைத்துக்கொண்டுள்ளனவா என்பதையும் காண்க. குழாயின்றிக் காற்றை அறைக்குள்ளேயே விடும் பொறியாயின், சன்னலைத் திறந்து வைத்தல் இன்றியமையாதது. மூடிய அறையில் வெளியேறிய ஈரமே மீண்டும் பொறிக்குள் புகும். நீரைத் தொட்டியில் சேர்க்கும் வகைப் பொறியாயின், தொட்டி நிறைந்துள்ளதா என்று நோக்குக.

உருளையைத் துணியால் திணித்து நிரப்புவதும் தவறு. துணிகள் விழுந்து புரள்வதற்கு இடம் வேண்டும். நீர் சொட்டும் துணியை இடுவது மின்கட்டணத்தை வீணே உயர்த்தும்.

சுழல்கிறது, சூடு இல்லை

முதலில், குளிர்காற்று என்னும் நிலையில் விசை திருப்பப்பட்டுள்ளதா என்று பார்க்கவும். அவ்வாறில்லையெனில், பொறியினுள் அமைந்த வெப்பக் காப்பு தானே மின்விசையைத் துண்டித்திருக்கலாம். காற்று அடைபட்டுச் சூடு மிகும்பொழுது நம்மைக் காப்பதற்காகவே அக்காப்பு வைக்கப்பட்டுள்ளது. பொறியை நிறுத்தி, மின்செருகியை எடுத்து, ஆறவிட்டு, வலையையும் குழாயையும் தூய்மை செய்து, மீண்டும் இயக்கிப் பார்க்கலாம். அதன் பின்னரும் சூடு வரவில்லையெனில், காப்போ சூட்டுக் கம்பியோ கெட்டிருக்கும். அவ்வேலை தேர்ச்சி பெற்றவருக்குரியது. வெப்பக் காப்பைக் கம்பியால் இணைத்துத் "தற்காலிகமாக" ஓட்டிக் காட்டுவோர் எவராயினும், அவருக்கு இடங்கொடுத்தல் ஆகாது.

அசைவே இல்லை

கதவு சரியாகச் சாத்தப்படாவிடில் பொறி இயங்காது. விளிம்பில் துணி சிக்கியுள்ளதா என்று பார்க்கவும். மின்செருகியின் உருகிழை எரிந்திருக்கலாம். அதே அளவுடைய புதிய உருகிழையை மட்டுமே இடவேண்டும்; வெள்ளித்தாள் சுற்றுதல் பெருந்தீங்கு. வீட்டின் மின்கசிவுக் காப்பு விழுந்திருப்பின், பொறியின் செருகியை எடுத்துவிட்டு அதனை உயர்த்துக. பொறியைச் செருகியதும் அது மீண்டும் விழுந்தால் பொறியில் கசிவு உள்ளது என்பது பொருள். இனி அதனைத் தொடவேண்டா.

இயந்திரம் உறுமுகிறது, உருளை சுழலவில்லையெனில், வார் அறுந்திருக்கக்கூடும். உடனே நிறுத்துக. தடதடவென்னும் ஓசைக்குப் பெரும்பாலும் பையில் மறந்த காசும் ஆணியுமே காரணம். அல்லது தரை சமமாக இல்லாதிருக்கும்.

செருகி சுடுகிறது

இப்பொறிகளுள் பல 2000 முதல் 2500 வாட்டு வரை மின்விசை கொள்பவை. 230 வோல்ட்டு மின்சாரத்தில் 2500 வாட்டு என்பது ஏறத்தாழ 11 ஆம்பியர். நம் வீட்டுச் செருகியின் அளவு 13 ஆம்பியர். அதே நீட்டிப்புப் பலகையில் 700 வாட்டுச் சோற்றுப் பானையையும் செருகினால் மொத்தம் 14 ஆம்பியரை எட்டிவிடும். பலகை இளகும், கம்பியின் உறை கருகும். எனவே, பொறியைச் சுவரிலுள்ள துளையில் நேரடியாகவே செருகுக. சிரிம் முத்திரை பெற்ற செருகிகளையே வாங்குக. செருகி சுடுமாயின் அல்லது கறுத்திருக்குமாயின், பதிவுபெற்ற மின்கம்பியாளரை அழைப்பதே முறை.

உள்ளே இடக்கூடாதவை

இப்பகுதியை நம் வாசகர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டுகிறோம். நம் கைகள் நாள்தோறும் வெட்டி எடுக்கும் பாலிலிருந்தே ரப்பர் நுரைத் தலையணைகளும் மெத்தைகளும் உருவாகின்றன. அந்நுரை சூட்டை உள்ளே அடக்கிவைக்கும் இயல்புடையது. பொறியில் இட்டுச் சூடேற்றினால், வெளியே எடுத்த பின்னரும் உள்ளுக்குள் வெப்பம் ஏறித் தானே தீப்பற்றக் கூடும். ஆகவே ரப்பர் நுரை, ரப்பர் பூசிய கால்மிதி, மழையுடுப்பு ஆகியவற்றைப் பொறியில் இடவே கூடாது. பால் தெறித்து உறைந்த வேலையுடுப்பிலிருந்து ஒட்டியுள்ள ரப்பரை உரித்தெடுத்த பின்னரே துவைக்க வேண்டும். உரிக்க இயலாதாயின் அவ்வுடுப்பைக் கொடியிலேயே காயவிடுக; சூட்டில் இளகிய ரப்பர் உருளையில் ஒட்டிக்கொள்ளும்.

சமையல் எண்ணெய், மண்ணெண்ணெய், பெட்ரோல் பட்ட துணிகளும் இவ்வாறே ஆபத்தானவை. எண்ணெய் முற்றாக நீங்கத் துவைத்து, வெயிலில் உலர்த்துக. களைக்கொல்லி தெளித்தவரின் உடுப்பைத் தனியே துவைத்துக் கொடியில் இடுக.

பொறியை இடையில் நிறுத்த நேரிட்டால், சூடான துணிகளை உள்ளே குவியலாக விட்டுச் செல்லாமல், உடனே எடுத்து விரித்துப் போடவேண்டும். இறுதிச் சில நிமிடங்கள் பொறி சூடின்றிச் சுழல்வது துணிகளை ஆற்றுவதற்காகவே. அதனை வீண் நேரம் என எண்ணுதல் தவறு.

தீ என்னும் அச்சம்

பஞ்சுத் துகள் எளிதில் பற்றும் பொருள். அது சூட்டுக் கம்பியின் அருகே சேர்ந்தால், ஒரு பொறி போதும். தனி வீடாயின் ஒரு வீடு எரியும். அடுத்தடுத்து ஒட்டிய லயமாயின் ஒரு வரிசையே எரியும். ஆகவே, இரவில் பொறியை ஓடவிட்டு உறங்குவதும், வேலைக்குக் கிளம்பும்பொழுது ஓடவிட்டுச் செல்வதும் வேண்டா.

தீய்ந்த வாடையோ புகையோ வந்தால், தயங்காது சுவர் விசையை நிறுத்துக. அதனை அணுக இயலாவிடில் வீட்டின் முதன்மை விசையை நிறுத்துக. பொறியின் கதவைத் திறக்கவேண்டா. திறந்தால் காற்றுப் புகுந்து தீ வளரும். தண்ணீர் ஊற்றுதலும் கூடாது. பிள்ளைகளையும் முதியவர்களையும் வெளியேற்றி, அண்டை வீட்டாரை எழுப்பி, 999 என்னும் எண்ணை அழைத்துத் தீயணைப்புப் படைக்குத் தெரிவிக்க வேண்டும்.

நினைவில் நிறுத்துவோம்

1. ஒவ்வொரு முறையும் வலையைத் துடைப்போம்.
2. குழாய் நசுங்காமலும் அடைபடாமலும் காப்போம்.
3. பொறியைச் சுவர்த் துளையில் மட்டும் செருகுவோம்.
4. ரப்பரும் எண்ணெயும் பட்டவற்றை உள்ளே இடோம்.
5. மூடியைத் திறந்து கம்பியைத் தொடும் வேலையைத் தேர்ந்தவரிடம் விடுவோம்.

முதல் நான்கிற்கும் காசு செலவில்லை. சில நிமிடக் கவனமே போதும். புகைக்கூடத்தின் தீயை இரவெல்லாம் விழித்திருந்து காத்த பரம்பரை நம்முடையது. அந்த விழிப்பை வீட்டின் ஒரு மூலையில் நிற்கும் இச்சிறு பொறியின்பாலும் செலுத்துவோமாயின், மழைக்காலத்திலும் பிள்ளைகள் உலர்ந்த சீருடையில் பள்ளி செல்வர். நாமும் அச்சமின்றி உறங்கலாம்.